மாத்திரைக் கூடு எதிலிருந்து வருகிறது?

புரட்டாசி தொடங்கி இன்றுவரை எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "நாங்கள் சாப்பிடும் மருந்தில் மாடு இருக்கிறதா, பன்றி இருக்கிறதா, எப்படித் தெரிந்துகொள்வது?" ஆகவே இந்த மாதம் தலைவலி, தூக்கமின்மைக் கேள்விகளையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

பினாங்கில் அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கேள்வியுடன் கவுண்டருக்கு வந்த நம்மவர்கள் பெரும்பாலும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். பின்னால் வரிசையில் நிற்பவருக்குக் கேட்டுவிடுமோ, கவுண்டரில் இருப்பவர் சலித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் முகத்தில் தெரியும். ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து வரும் சீனப் பாட்டிகள், பௌத்த விரதம் இருப்பவர்கள், அப்படியில்லை. "இது சைவமா?" என்று சத்தமாகக் கேட்டு, பதில் வரும்வரை நகர மாட்டார்கள். நீங்களும் அப்படிக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

அன்புள்ள அக்கா, என் அம்மாவுக்கு 68 வயது. பல வருடமாக இனிப்புநீர் (நீரிழிவு). பாத எரிச்சலுக்கு கேபாபென்டின் கேப்சூலும் வயிற்றுக்கு ஓமெப்ரசோல் கேப்சூலும் கொடுத்திருக்கிறார்கள். கூடு மாட்டுத் தோலில் செய்தது என்று என் தம்பி மகன் கைப்பேசியில் பார்த்துச் சொல்லிவிட்டான். அம்மா பிறந்ததிலிருந்து மாட்டிறைச்சி தொட்டதில்லை. அன்றோடு இரண்டையும் நிறுத்திவிட்டார். பெட்டியில் ஹலால் முத்திரை இருந்ததால் கவலையில்லை என்று நினைத்திருந்தோம். என்ன செய்வது?
— வாசகி, பட்டர்வொர்த்

தங்கச்சி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். கேபாபென்டினைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விட வேண்டும். சட்டென்று விட்டால் வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை வரலாம், எரிச்சல் முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். வலிப்புக்காக அதே மருந்தை எடுப்பவர்களுக்கு வலிப்பே வந்துவிடலாம். தைப்பூச விரதத்துக்காக வலிப்புக் கேப்சூலை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திய ஓர் இளைஞரை, தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்க வேண்டிய வாரத்தில், ஆம்புலன்சில் கொண்டுவந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தப் பகுதியைப் படித்து முடித்ததும் அம்மாவை கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரட்டும் என்று இருக்காதீர்கள்.

இனி கூட்டைப் பற்றி. உங்கள் தம்பி மகன் படித்தது தவறில்லை. ஜெலட்டின் என்பது விலங்குகளின் தோலையும் எலும்பையும் பதப்படுத்தி எடுக்கும் புரதம். மருந்துக்குப் பயன்படுவது பெரும்பாலும் மாட்டின் தோல், எலும்பு, அல்லது பன்றித் தோல். மீனிலிருந்தும் எடுக்கிறார்கள், ஆனால் குறைவு. இரண்டு துண்டாகப் பிரியும் கெட்டிக் கூட்டிலும் அது உண்டு. மீன் எண்ணெய், வைட்டமின் ஈ போன்றவை வரும் வழவழப்பான மென்கூட்டிலும் உண்டு.

ஹலால் முத்திரை விஷயத்தில் நம் வீடுகளில் பெரிய குழப்பம் இருக்கிறது. மலேசியா 2012-இல் எம்.எஸ். 2424 என்று ஹலால் மருந்துகளுக்கென்றே தனித் தரநிலை வெளியிட்டது. உலகிலேயே இப்படி ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை. முஸ்லிம் சகோதரர்களுக்கு அது பெரிய உதவி, அந்த முத்திரையை நான் மதிக்கிறேன். ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி வேறு, உங்கள் அம்மாவின் கேள்வி வேறு. பன்றி இல்லை, மார்க்க முறைப்படி அறுத்த பிராணி என்றுதான் அந்த முத்திரை உறுதி தருகிறது. கூடு ஜெலட்டினாக இருந்து, முத்திரையும் இருந்தால், அது மாட்டு ஜெலட்டினாக இருக்கும் வாய்ப்புதான் அதிகம். மாட்டைத் தவிர்க்கும் இந்துவுக்கு அந்த முத்திரை மட்டும் போதாது. "ஹலால்தானே, பயப்படாதீர்கள்" என்று நம்மவர்களுக்கு நல்லெண்ணத்துடன் சொல்லி அனுப்பும் மருந்தகங்கள் உண்டு. கேட்கிறவர் யார், எதைத் தவிர்க்கிறார் என்று ஒரு நிமிடம் விசாரித்திருந்தால் அந்தப் பதில் வந்திருக்காது.

"கூட்டில் என்ன இருக்கிறது, இத்தனூண்டு" என்று சொல்பவர்களும் உண்டு. சாதாரண வெறுங்கூட்டின் எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட வராது, உண்மைதான். ஆனால் வாழ்நாள் முழுதும் ஒன்றைத் தொடாமல் இருந்தவரிடம் எடைக் கணக்கு பேசுவதை நான் ஏற்பதில்லை. அளவு குறைவு என்பதால் மனம் ஒப்பிவிடாது. அவர் மனம் ஒப்பும் மாற்றைத் தேடிக் கொடுப்பது எங்கள் வேலை.

உங்கள் அம்மாவுக்கு அந்த மாற்று இருக்கிறது. கேபாபென்டின் 300 மில்லிகிராம் கேப்சூலாக வருவது போல 600 மில்லிகிராம் மாத்திரையாகவும் வருகிறது. அம்மாவின் அளவுக்கும் சிறுநீரகத்துக்கும் ஏற்றபடி மாற்ற முடியுமா என்று டாக்டர் முடிவு செய்வார். ஓமெப்ரசோலுக்குப் பதிலாக அதே குடும்பத்தைச் சேர்ந்த பான்டொப்ரசோல் மாத்திரை உண்டு. வீட்டில் வேறு யாருக்காவது அமாக்சிசிலின் கேப்சூல் எழுதினால், தண்ணீர் கலந்து கொடுக்கும் சிரப் வடிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். குழந்தைக்குத்தான் சிரப் என்று சட்டம் ஒன்றும் இல்லை. கேப்சூலிலேயே தாவரக் கூடும் இருக்கிறது. மரக்கூழ், பஞ்சு இவற்றின் நாரிலிருந்து செய்யும் அந்தப் பொருளுக்கு ஹைப்ரோமெல்லோஸ் என்று பெயர். மருந்துப் பெட்டிக்குள் வரும் தாளில் கூட்டைப் பற்றிய வரியில் அந்தப் பெயர் இருந்து, ஜெலட்டின் என்ற பெயர் இல்லாவிட்டால், கூடு தாவரம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கூட்டைப் பிரித்துப் பொடியை மட்டும் கஞ்சியில் கலந்து குடிப்பது நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. ஓமெப்ரசோலைப் பிரித்தால் குட்டிக் குட்டி உருண்டைகள் கொட்டும். வயிற்று அமிலம் மருந்தை அழித்துவிடாமல் ஒவ்வோர் உருண்டைக்கும் மேல்பூச்சு கொடுத்திருக்கிறார்கள். அம்மியிலோ கரண்டியாலோ அதை நசுக்கினால் மருந்து வயிற்றிலேயே கெட்டுப்போகும், பலன் இருக்காது. இன்னொரு பக்கம், டபிகாட்ரான் என்று ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் கேப்சூல் ஒன்று. கூடு இல்லாமல் உள்ளே இருக்கும் உருண்டைகளை மட்டும் விழுங்கினால் ரத்தத்தில் சேரும் அளவு சுமார் 75 விழுக்காடு கூடிவிடும். ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். எதைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக்கூடாது என்பது மருந்துக்கு மருந்து மாறும். கேட்காமல் பிரிக்க வேண்டாம்.

எப்படிக் கேட்பது என்றும் சொல்கிறேன். அரசாங்க கிளினிக்கில் மருந்தைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பதால் பெட்டி உங்கள் கண்ணிலேயே படாது. "பெட்டியைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தமிழ் பேசுபவர் இல்லாவிட்டால் மலாயில், "ஜெலாட்டின் இனி டாரிபாடா அபா? லெம்பு, பாபி, இக்கான்?" (இந்த ஜெலட்டின் எதிலிருந்து? மாடா, பன்றியா, மீனா?) என்றால் போதும். நம் நாட்டில் மருந்துகளைப் பதிவு செய்யும் என்.பி.ஆர்.ஏ. அமைப்பு, கூடு உட்பட மருந்தில் விலங்கு மூலப்பொருள் இருந்தால் அது எந்தப் பிராணி என்று லேபிளில் குறிப்பிட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. போவின் என்றிருந்தால் மாடு, போர்சின் என்றிருந்தால் பன்றி. ஆகவே மருந்தாளருக்குப் பதில் தேடுவது கடினமில்லை. கையில் தகவல் இல்லையென்றால் தயாரிப்பாளரிடம் கேட்டுச் சொல்வதும் அவர் வேலையில் சேர்ந்ததுதான். இன்று கிடைக்கும் பெட்டி அடுத்த மாதம் வேறு நிறுவனத்துடையதாக இருக்கலாம், ஏனென்றால் அரசாங்கக் கொள்முதல் மாறும். மருந்தின் நிறமோ வடிவமோ மாறினால் திரும்பவும் கேளுங்கள்.

அக்கா, நாங்கள் தமிழ் முஸ்லிம்கள். என் மனைவிக்கு சிசேரியன் நடந்தது. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க வீட்டில் போடச் சொல்லி எனோக்சபரின் ஊசிகளைக் கொடுத்து அனுப்பினார்கள். சிலவற்றைப் போட்ட பிறகுதான் அது பன்றிக் குடலிலிருந்து வருவது என்று என் மாமி சொன்னார். மனைவி அழுகிறாள். மிச்ச ஊசியைப் போடலாமா?
— வாசகர், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அருகில், ஜார்ஜ்டவுன்

தம்பி, உங்கள் மாமி சொன்னது சரி. ஹெப்பாரின் என்ற பொருளை இன்று பன்றிக் குடலின் உள்சவ்விலிருந்துதான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். எனோக்சபரின் அதையே சிறு துண்டுகளாக உடைத்துச் செய்வது. 1916-இல் அமெரிக்காவில் முதன்முதலில் இதைக் கண்டபோது நாயின் ஈரலிலிருந்து எடுத்தார்கள். பிறகு மாட்டு நுரையீரல், பிறகு பன்றிக் குடல் என்று மாறியது. மாட்டு மூளை நோய் பற்றிய பயம் வந்த பிறகு மாட்டு ஹெப்பாரின் பல நாடுகளில் ஏறக்குறைய நின்றேபோனது.

உங்களிடம் முன்கூட்டியே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது தவறு, அதில் உங்கள் மனைவி மீது எந்தக் குற்றமும் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். பிள்ளை பெற்ற உடம்புக்கு அழுகை நல்லதில்லை.

இப்போது செய்ய வேண்டியது. ஊசியை விட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களில், அதிலும் அறுவை சிகிச்சை நடந்திருந்தால், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்மையானது. அது ஆளையே கொண்டுபோய்விடும். அதனால் இன்றே வார்டுக்கோ கிளினிக்குக்கோ போய், "பன்றியிலிருந்து வராத ஊசி வேண்டும்" என்று கேளுங்கள். ஃபோண்டாபரினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. முழுக்க முழுக்க ஆய்வுக்கூடத்தில் செய்வது, விலங்கின் உடம்பிலிருந்து எதையும் எடுப்பதில்லை. 2001-இலிருந்து புழக்கத்தில் உள்ளது.

அது எல்லாருக்கும் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிறுநீரகம் மிகவும் பலவீனமானவர்களுக்குக் கொடுப்பதில்லை. 50 கிலோவுக்கும் குறைந்த எடை உள்ளவர்களுக்கு எச்சரிக்கை தேவை. உடம்பில் 17 மணி நேரத்துக்கும் மேல் பாதி அளவு தங்கியிருக்கும். ரத்தக்கசிவு வந்தால் ஹெப்பாரினை முறிக்கக் கொடுக்கும் புரோட்டமின் இதை முறிக்காது. இதையெல்லாம் யோசித்துத்தான் டாக்டர் எழுதுவார். அவர் கேள்வி கேட்டால் மறுக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மார்க்கத் தீர்ப்பு சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் 2009-இல் நம் தேசிய ஃபத்வா மன்றம் இதே ஊசியைப் பற்றிக் கூடிப் பேசியதை உங்களுக்குச் சொல்லலாம். எனோக்சபரின், அதைப் போன்ற இன்னொரு மருந்து, இரண்டையும் பயன்படுத்தக்கூடாது என்று அவர்கள் முடிவு செய்ததற்குச் சொன்ன காரணம், ஃபோண்டாபரினக்ஸ் என்ற மாற்று அப்போது கிடைக்கத் தொடங்கிவிட்டது என்பது. உங்கள் மனைவிக்கு அந்த மாற்று ஒத்துவராது என்று டாக்டர் சொன்னால், அந்தக் காரணத்தை எழுதி வாங்கிக்கொண்டு பினாங்கு முஃப்தி அலுவலகத்தில் கேளுங்கள். கேட்டு வரும்வரை பாதுகாப்பு இல்லாமல் நாள் கடந்துவிடக்கூடாது என்பதை அவர்களிடமும் சொல்லுங்கள்.

டயாலிசிஸ் செய்கிற குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. எந்திரக் குழாயில் ரத்தம் கட்டாமல் இருக்க அங்கே செலுத்துவதும் வழக்கமாக ஹெப்பாரின்தான். நம் சமூகத்தில் டயாலிசிஸ் நாற்காலியில் உட்காருபவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். அதில் என்ன போகிறது என்று கேட்டவர்கள் மிகச் சிலர். கேட்பதில் தவறில்லை. நிலையத்து டாக்டரிடம் பேசாமல் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது.

என் அப்பா சைவம். இன்சுலின் பன்றியிலிருந்து வருவது என்று சொல்லி ஊசி போட மறுக்கிறார். ரத்தச் சர்க்கரை 18 மில்லிமோலுக்குக் கீழே இறங்கவே இல்லை. எப்படிச் சமாதானப்படுத்துவது?
— மகள், செந்தூல், கோலாலம்பூர்

அப்பா சொல்வது அவர் இளமைக் காலத்தில் உண்மையாக இருந்தது, அம்மா. 1922 ஜனவரியில் கனடாவின் டொரொன்டோ நகரில் 14 வயதுப் பையன் ஒருவனுக்குத்தான் முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அது மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது. அதற்குப் பிறகு அறுபது வருடம் மாடும் பன்றியும்தான். 1982-இல் நிலைமை மாறியது. மனித இன்சுலினின் மரபுக்குறிப்பை பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அதையே இன்சுலின் சுரக்க வைத்தார்கள். இன்று ஈஸ்டிலும் செய்கிறார்கள். ஈஸ்ட் என்பது ரொட்டி மாவைப் புளிக்க வைக்குமே, அந்த வகை நுண்ணுயிர். ஜொகூரிலேயே இன்சுலின் செய்யும் ஆலை இருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

முழுதும் சொல்லாமல் விட்டால் அவருக்கு நியாயம் செய்ததாகாது. தெளிந்த தண்ணீர் போல இருக்கும் இன்சுலின் ஒரு வகை, குலுக்கினால் பால் போலக் கலங்கும் வகை இன்னொன்று. அப்படிக் கலங்கும் என்.பி.எச். இன்சுலினில், மருந்து மெதுவாக இறங்குவதற்காகப் புரோட்டமின் என்ற புரதம் சேர்க்கிறார்கள். அது சால்மன் போன்ற மீனின் விந்திலிருந்து எடுப்பது. அளவு மிகவும் சொற்பம், ஆனால் இருக்கிறது. இரண்டும் கலந்து வரும் 30/70 வகையிலும் அது உண்டு. மீனும் கூடாது என்று அப்பா உறுதியாக இருந்தால், தெளிவாகவே இருக்கும் நீண்டநேர இன்சுலின் உண்டு, கிளார்ஜின் அதில் ஒன்று. அப்பாவுக்குப் பொருந்துமா, விலை கட்டுப்படியாகுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 18 என்ற அளவில் நாள் போய்க்கொண்டிருந்தால் கண்ணும் சிறுநீரகமும் காத்திருக்காது. மாற்று முடிவாகும்வரை இப்போது கொடுத்திருப்பதைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அவருடைய பேரப்பிள்ளை யாராவது கேட்டால் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

நான் வள்ளலார் வழியில் நடப்பவன். பால் உண்டு, உயிர்க்கொலை மட்டும் கூடாது. தைராய்டுக்கு லெவோதைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறேன். கேப்சூல் இல்லையே, மாத்திரைதானே, கவலையில்லை அல்லவா?
— வாசகர், கூலிம்

ஐயா, மருந்து கவலையில்லை. 1891-இல் இங்கிலாந்தில் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டுத்தான் இந்தச் சிகிச்சை தொடங்கியது. இன்று நீங்கள் சாப்பிடுவது ஆலையில் வேதிமுறையில் செய்வது. மருந்தோடு சேர்க்கும் மற்றப் பொருள்களைத்தான் பார்க்க வேண்டும். லெவோதைராக்சின் மைக்ரோகிராம் கணக்கில் உள்ள மருந்து. அதை மட்டும் கையில் கொடுத்தால் கண்ணுக்கே தெரியாது. மாத்திரையாக்க மாவு வேண்டும், மாவைப் பிணைக்க ஒன்று வேண்டும், எந்திரத்தில் ஒட்டாமல் இருக்க இன்னொன்று வேண்டும்.

மாவாகப் பெரும்பாலும் லாக்டோஸ் சேர்ப்பார்கள், பால் சர்க்கரை. பால் உங்களுக்கு ஆகும் என்கிறீர்கள். அது பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் தண்ணீரிலிருந்து வருவது. பாலைத் திரிக்க முற்காலத்தில் கன்றுக்குட்டியின் வயிற்று உறையைப் பயன்படுத்தினார்கள், இப்போது பல ஆலைகளில் நுண்ணுயிர் உறைதான். ஒட்டாமல் இருக்கச் சேர்க்கும் மக்னீசியம் ஸ்டீரேட் மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம், செம்பனை எண்ணெயிலிருந்தும் வரலாம். செம்பனை நாட்டில் இருக்கிறோம், இங்கே செய்யும் மருந்துகளில் செம்பனை வகை சுலபமாகக் கிடைக்கும் என்றாலும், கேட்டு உறுதி செய்யுங்கள்.

பிணைக்கும் பொருளில்தான் நீங்கள் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது. லெவோதைராக்சின் மாத்திரைகள் சிலவற்றில் அதற்கு ஜெலட்டின் சேர்க்கிறார்கள். மாத்திரை என்றாலே ஜெலட்டின் இருக்காது என்று நினைத்துவிட வேண்டாம். சிவப்பு நிறத்துக்குக் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன், பளபளப்புக்கும் கேப்சூல் மேல் எழுத்து அச்சிடும் மைக்கும் அரக்குப் பூச்சி தரும் அரக்கு, இவையும் மருந்துகளில் உண்டு. 2014-இல் பிரிட்டனின் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், அங்கே அதிகம் எழுதிக் கொடுக்கப்படும் 100 மருந்துகளைப் பார்த்தபோது 74-இல் லாக்டோஸ், ஜெலட்டின், மக்னீசியம் ஸ்டீரேட் இம்மூன்றில் ஒன்றாவது இருந்தது. அவற்றில் பலவற்றுக்கு எந்தப் பிராணி, எந்தத் தாவரம் என்று தாளை வைத்து மட்டும் சொல்ல முடியவில்லை. தயாரிப்பாளரிடம் கேட்கச் சொல்வது அதனால்தான்.

வேறு நிறுவனத்து மாத்திரைக்கு மாறுவதென்றால் ஒரு நிபந்தனை. நிறுவனம் மாறினால் உடம்பில் சேரும் அளவும் சற்று மாறக்கூடும். மாறி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ரத்தத்தில் டி.எஸ்.எச். (மருந்தின் அளவு சரியா என்று காட்டும் தைராய்டுப் பரிசோதனை) பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில், காலைப் பாலுக்கும் தேநீருக்கும் முன்பே, வெறும் தண்ணீரில் சாப்பிடுவதைத் தொடருங்கள்.

நானும் என் கணவரும் பால்கூட எடுப்பதில்லை. வைட்டமின் டி மாத்திரை சரிதானே?
— வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பெரும்பாலும் இல்லை. டி3 வழக்கமாக ஆட்டு ரோமத்தில் இருக்கும் கொழுப்பிலிருந்து செய்வது. கற்பாசியிலிருந்து (லைக்கன்) செய்யும் டி3 கடைகளில் வருகிறது, விலை கூட. டி2 விலங்கு சார்ந்தது இல்லை. மூட்டு வலிக்கு வாங்கும் குளுக்கோசமின் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவது, அதையும் பாருங்கள்.

மாற்றே இல்லாத மருந்து என்று ஏதாவது இருக்கிறதா? அப்போது விரதம் இருப்பவர் என்ன செய்வது?
— வாசகர், பத்துமலை

இருக்கிறது. பாம்புக்கடிக்குப் போடும் மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருவது. நாம் பயன்படுத்தும் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதி தாய்லாந்தில், செஞ்சிலுவைச் சங்க நிலையத்தில், குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துச் செய்வது. குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறும் குழந்தையின் நுரையீரலுக்குள் ஊற்றும் மருந்து மாட்டின் நுரையீரலிலிருந்தோ பன்றியின் நுரையீரலிலிருந்தோ எடுத்தது. கணையம் சுரக்காதவர்கள் சாப்பாட்டோடு எடுக்கும் என்சைம் கேப்சூல் பன்றிக் கணையம். சின்னம்மைக்கும் மணல்வாரிக்கும் போடும் தடுப்பூசிகள் சிலவற்றில் பன்றி ஜெலட்டின் உண்டு, சிலவற்றில் இல்லை. எது இருக்கிறது என்று கிளினிக்கில் முன்பே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கேட்டுக் கேட்டே மாதங்களைத் தள்ளிவிட வேண்டாம். மணல்வாரி பிள்ளைகளைக் கொல்லும் நோய்.

பாம்பு கடித்த நேரத்தில் யாரும் இதைப் பேசிக்கொண்டு நிற்கக்கூடாது. குழந்தை வார்டிலும் அப்படித்தான். அங்கே நேரம் மணிக்கணக்கில் இல்லை, நிமிடக்கணக்கில் இருக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு அந்த மருந்து இறங்கியதும் நீலம் பாய்ந்திருந்த உதடு சிவந்து வருவதைப் பார்த்த தாய்மார்களிடம் பேசியிருக்கிறேன். அவர்களில் தீவிர சைவக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. ஒருவர்கூட வருந்தவில்லை. ஒரு தாய் மட்டும், பிள்ளைக்கு ஒரு வயது ஆனதும், பசுமடம் ஒன்றுக்குத் தீவனம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னார். அது எனக்கு மிகவும் சரியாகப்பட்டது.

அவசரமில்லாத மருந்துக்கு, விரதம் தொடங்குவதற்கு மாதம் முன்பே வாருங்கள். புரட்டாசி முதல் சனிக்கிழமை காலையில் வந்து மாற்றுக் கேட்டால் ஸ்டாக்கில் இருக்காது. ஆடியிலேயே கேட்டால் வரவழைத்துத் தரலாம்.

இந்த ஆங்கில மருந்துத் தொல்லையே வேண்டாம், சித்த மருந்துக்கு மாறிவிட்டால் முழுச் சைவம்தானே, அக்கா?
— வாசகி, பிறை

இல்லை, தங்கச்சி. சித்த மருத்துவத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன், என் பாட்டி வைத்த கஷாயத்தில் வளர்ந்தவள். ஆனால் அது முழுச் சைவம் என்பது சரியில்லை. சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம், பவள பற்பம், ஆமையோட்டுப் பற்பம் எல்லாம் கடல், நீர்வாழ் உயிர்களின் ஓடு. கோரோசனை மாத்திரையில் சேர்வது மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல். கஸ்தூரி, கஸ்தூரி மானிடமிருந்து வருவது. இன்று பலர் அவற்றுக்கு மாற்றுப் பொருள் சேர்க்கிறார்கள் என்றாலும், கேட்காமல் தெரியாது.

இங்கே விற்கும் பாரம்பரிய மருந்துகளும் பதிவாக வேண்டும். பெட்டியில் 'மால்' (MAL) என்ற எழுத்துகளோடு எட்டு இலக்க எண்ணும், அதன் பின்னால் 'டி' (T) என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை என்.பி.ஆர்.ஏ. இணையதளத்தில் தட்டினால் பதிவானதா என்பது தெரியும். ஊரிலிருந்து வந்தவர் கொடுத்தது, கோயில் வாசலில் வாங்கியது என்று எண்ணே இல்லாத பொட்டலமாக இருந்தால் அதில் பாதரசமோ ஈயமோ கலந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. கர்ப்பிணிகளும், இனிப்புநீர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அதை வாயில் வைக்கவே வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள்.